தென்னாசிய விழாக்கள்: தேர்வும் நேரமும்

தென்னாசிய நிகழ்த்துகலை, தென்னாசிய சினிமா என்று பெயர் சூட்டிக்கொண்டு நடக்கும் விழாக்களைப் பற்றித் தமிழில் வருபவை பெரும்பாலும் இரண்டு வகை. எத்தனை நாடுகள், எத்தனை குழுக்கள், எத்தனை படங்கள் என்று எண்ணிச் சொல்லும் செய்திக்குறிப்பு ஒன்று. பணம் கொடுத்தது யார் என்பதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும் கண்டனம் இன்னொன்று. இரண்டுமே மேடையையும் திரையையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கச்சேரியையோ நாவலையோ எடைபோடும்போது வழக்கமாகக் கேட்பவற்றை விழாவிடமும் கேட்கலாம்: கட்டுக்கோப்பு இருக்கிறதா, முறை இருக்கிறதா, எடுத்துக்கொண்ட காரியம் கைகூடியிருக்கிறதா?

இங்கே என் அளவுகோல்கள் இரண்டு. முதலாவது தேர்வு: எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள், நெருக்கடி வந்தபோது தம் தேர்வின் பக்கம் நின்றார்களா என்பது. இரண்டாவது நேரம்: ஒவ்வொரு கலைக்கும் அதற்குரிய கால அளவு கிடைத்ததா என்பது. கூட்டம், உபசரிப்பு, அலங்காரம் எல்லாம் விழா நடத்துபவர்களுக்கு முக்கியம். திறனாய்வுக்கு அவற்றால் பயன் குறைவு.

தேர்வு என்ற அளவுகோலில் முதலில் நிறுத்த வேண்டியது காட்மாண்டுவின் ‘ஃபிலிம் சவுத்ஏசியா’. ஹிமால் அசோசியேஷன் 1997இல் தொடங்கிய ஆவணப்பட விழா இது. இரண்டாண்டுக்கு ஒருமுறை, நான்கு நாட்கள். சிறந்த படத்துக்கு ராம் பகதூர் விருது. விழா முடிந்தபின் தேர்ந்தெடுத்த சில படங்கள் கட்டு கட்டி ஊர் ஊராக, நாடு நாடாகப் பயணம் போகும். அமைப்பு இவ்வளவுதான். இதில் மெச்சத்தக்கது அதன் எல்லை. கதைப்படம் இல்லை, நட்சத்திரம் இல்லை, பாட்டு நடனம் இல்லை. ஒரே வகைமைக்குள் நின்றுகொண்டதால் ஆப்கானிஸ்தான் படத்தையும் கேரளப் படத்தையும் ஒரே கேள்வியால் சோதிக்க முடிகிறது. கதைப்படங்களை நம்பித் தென்னாசியா பேசும் விழாக்களில், குறிப்பாக மேலை நகரங்களில் நடப்பவற்றில், தொடக்க இரவும் நிறைவு இரவும் இந்திக்குப் போய்விடுகின்றன. வங்காளமும் நேபாளியும் சிங்களமும் மதியக் காட்சிகளில் வருகை தந்துவிட்டுப் போகின்றன. ஆவணப்படத்தில் அந்த ஏற்றத்தாழ்வு இவ்வளவு கொடிதாக இல்லை. எல்லா நாட்டு ஆவணப்படக்காரர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு ஏழைகள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது தகுதி இடத்தேர்வு. இந்தியர்கள் நேபாளம் செல்ல விசா வேண்டியதில்லை. பாகிஸ்தானியரும் வங்கதேசத்தவரும் இலங்கையரும் டெல்லிக்கு வருவதைக் காட்டிலும் காட்மாண்டுவுக்கு எளிதாக வந்து சேரலாம். இது வெறும் போக்குவரத்து வசதி என்று தோன்றலாம்; அழகியலிலும் இதற்கு விளைவு உண்டு. கராச்சியில் எடுத்த படத்தைப் பற்றி அகமதாபாத்தில் படமெடுப்பவர் அதே அரங்கில் எழுந்து கேள்வி கேட்கும்போது, படம் தன் உள்ளூர்ச் சலுகைகளை இழந்துவிடுகிறது. சொந்த ஊர்ப் பார்வையாளரிடம் சைகையால் உணர்த்தியதை இங்கே சட்டகத்துக்குள் காட்டியாக வேண்டும். மும்பை சர்வதேச ஆவணப்பட விழாவில் இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்று கேட்ட விவகாரத்தை வாசகர் மறந்திருக்க மாட்டார். எதிர்ப்பால் அந்த நிபந்தனை போனது. ஆனால் தேர்வுக் கட்டத்தில் பல படங்கள் விழுந்தன. 2004இல் அதற்கு எதிராக ‘விகல்ப்’ என்ற மாற்று விழா எழுந்தது. அரசின் கைக்கு எட்டாத ஒரு திரை இந்தத் துணைக்கண்டத்தில் எங்காவது இருக்க வேண்டும் என்பதை அந்த விவகாரம் நிரூபித்தது. காட்மாண்டு ஏறக்குறைய அப்படிப்பட்ட இடம். சார்க் அமைப்பின் செயலகமும் அதே நகரத்தில்தான் இருக்கிறது. அதன் கடைசி உச்சி மாநாடு 2014இல் நடந்ததோடு சரி. ஆவணப்படக்காரர்கள் அதன் பிறகும் கூடிக்கொண்டிருக்கிறார்கள்.

குறைகளும் சிறியவை அல்ல. அணை, சாதி, இடப்பெயர்வு, போர் என்று பொருளின் கனம் தேர்வுக் குழுக்களை எளிதில் வசப்படுத்திவிடுகிறது. சட்டகத்தின் கனம் அவ்வளவு எளிதாக வசப்படுத்துவதில்லை. அநீதியைச் சொல்லிவிட்டால் படத்தொகுப்பின் சோம்பலை மன்னித்துவிடும் பழக்கம் ஆவணப்பட உலகத்துக்கே உண்டு. இந்த விழாவும் அதிலிருந்து முழுமையாக விடுபட்டதில்லை. விவாத மொழி ஆங்கிலம். துணைத்தலைப்பும் ஆங்கிலம். ஆகவே காட்மாண்டுவின் படித்த வர்க்கத்துக்கு அப்பால் விழாவின் குரல் அதிகம் போவதில்லை. பயணத் திரையிடல் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது, ஓரளவுதான். எனினும் முறை, ஒருமை, தொடர்ச்சி மூன்றும் ஒருசேர அமைந்த தென்னாசிய விழா வேறொன்றைக் காட்டுவது கடினம். 2015இல் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து எல்லை முற்றுகையும் நேபாளத்தை வதைத்த ஆண்டிலும் அது நின்றுபோகவில்லை.

ஒரு விழாவின் உண்மையான தேர்வுப் பரீட்சை அதன் தேர்வுக் குழு கலைந்த பிறகுதான் நடக்கிறது. காட்மாண்டுவுக்கு அது 2013இல் வந்தது. இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தைப் பற்றிய கேலம் மக்ரேயின் ‘நோ ஃபயர் ஸோன்’, அதோடு அந்தப் போரின் தழும்புகளைப் பேசும் ‘ப்ரோக்கன்’, ‘தி ஸ்டோரி ஆஃப் ஒன்’ ஆகிய குறும்படங்கள். மூன்றும் அறிவிக்கப்பட்ட பட்டியலில் இருந்தன. இலங்கைத் தூதரகம் எதிர்த்தது, நேபாள அரசு அழுத்தியது, படங்கள் நீங்கின. அதே ஆண்டில் கோலாலம்பூரில் ‘நோ ஃபயர் ஸோன்’ படத்தைத் திரையிட்டதற்காக ஒரு மனித உரிமைப் பணியாளர் மீது வழக்குத் தொடரப்பட்டது. இந்தியத் தணிக்கை வாரியமும் பின்னர் அதற்குச் சான்றிதழ் மறுத்தது. ஆக, காட்மாண்டுவில் நடந்தது தனி விபத்து அன்று. பல தலைநகரங்கள் ஒரே படத்தின் முன் ஒரே மாதிரி நடந்துகொண்டதன் ஒரு பகுதி.

படத்தை அதன் தடையிலிருந்து பிரித்துப் பார்ப்பதும் விமர்சகனின் கடமை. ‘நோ ஃபயர் ஸோன்’ சாட்சியம் என்ற வகையில் தட்டிக்கழிக்க முடியாதது. கொல்லப்பட்டவர்களின் பக்கமும் கொன்றவர்களின் பக்கமும் கைப்பேசியில் எடுத்தவற்றை அடுக்கி, நேரமும் இடமும் குறித்து, ஒரு வழக்கைக் கட்டுகிறது. சினிமா என்ற வகையில் அது பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஆவணத்தின் இலக்கணத்தைத் தாண்டவில்லை. விவரிப்புக் குரல் ஒவ்வொரு பிம்பத்துக்கும் முன்னே ஓடிப்போய் அதன் பொருளைச் சொல்லிவிடுகிறது. பிம்பம் தானே பேசும் இடம் குறைவு. இதைச் சொல்வதால் படத்தின் தேவை குறையாது. தடைசெய்யப்பட்டதாலேயே ஒரு படம் கலையில் உயர்ந்துவிடுவதும் இல்லை.

விழா அமைப்பாளர்கள் என்ன செய்தார்கள்? தொழில்நுட்பக் கோளாறு என்றோ நேரமின்மை என்றோ சாக்குச் சொல்லவில்லை. அரசின் அழுத்தம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். இதைத் தகுதியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் படங்கள் நீங்கின என்பது தோல்வியே. கால் நூற்றாண்டுக்கு மேலான சாதனையில் அது ஒரு கீறல். அழித்துவிடவும் முடியாது, அதை வைத்து எல்லாவற்றையும் நிராகரிக்கவும் முடியாது.

ஆனால் இந்த இடத்தில் தமிழ் வாசகன் தன் தராசையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா 2015இல் திரைப்பட இயக்குநர் அனோமா ராஜகருணாவின் முன்முயற்சியில் தொடங்கியது. போருக்குப் பிந்தைய யாழ்ப்பாணத்தில் சுயாதீன சினிமாவுக்கென்று ஒரு திரை, தமிழும் சிங்களமும் ஒரே நிரலில் என்பது எளிய காரியம் அல்ல. சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ 1970களில் யாழ்ப்பாணத்தில் தங்கிக் கற்பித்தபடி ‘பொன்மணி’ என்ற தமிழ்ப் படத்தை எடுத்த வரலாற்றுக்கு உகந்த தொடர்ச்சியும் அதில் இருந்தது. அந்த விழாவில் 2018ஆம் ஆண்டு நிரலில் இருந்த ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ எதிர்ப்புக்குப் பின் விலக்கப்பட்டது. முந்தைய ஆண்டு கான் விழாவில் திரையிடப்பட்ட படம். 1983 ஜூலை இனக்கலவரத்தில் தொடங்கி, தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று கொன்றுதீர்த்த நாட்களுக்குள் நடந்துபோகும் படம்.

இந்தப் படத்தின் மீதும் எனக்குக் குறைகள் உண்டு. இயக்குநரின் சொந்தக் குரல் அளவுக்கு மீறி வழிகாட்டுகிறது. அரசின் வன்முறையும் இயக்கங்களின் வன்முறையும் எடைக்கு எடை வைக்கப்படவில்லை. போர் முடிந்த 2009 அதில் ஒதுக்குப்புறமாகவே நிற்கிறது. இந்தச் சாய்வைச் சுட்டியவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் முன்னாள் போராளிகள் கூடி உட்கார்ந்து தாம் செய்ததையும் கண்டதையும் பேசும் பகுதிகளுக்கு நிகரான காட்சி தமிழ் ஆவணப்படத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அங்கே கேமரா தீர்ப்பு எழுத அவசரப்படுவதில்லை. முகங்களில் வெட்கமும் பெருமிதமும் மாறி மாறி வருவதைப் பொறுமையாகப் பிடிக்கிறது. காட்மாண்டுவில் மூன்று படங்களை நீக்கியதை அநியாயம் என்றவர்கள், யாழ்ப்பாணத்தில் ஒரு படத்தை நீக்கியதைப் பொறுப்பு என்று சொன்னால், அவர்கள் பேசுவது திறனாய்வு அன்று. முதலாவதில் தூதரகம் அழுத்தியது, இரண்டாவதில் நம்மவர் அழுத்தினார்கள். தேர்வு என்ற அளவுகோலின் முன் இரண்டும் ஒரே தோல்வி. சொல்லப்போனால் இரண்டாவது சற்றுக் கூடுதலான தோல்வி. தூதரகத்துக்கு எதிராக நிற்க ஒரு சமூகத்தின் ஆதரவு கிடைக்கும். சமூகத்துக்கு எதிராக நிற்கும்போது விழாவுக்குத் துணை அதன் தேர்வுமுறை மட்டும்தான்.

இனி நேரம்.

சினிமாவுக்கு நேரம் வெட்டுப்படும் சிக்கல் இல்லை. தொண்ணூறு நிமிடப் படத்தைத் தொண்ணூறு நிமிடம் ஓட்டியே தீர வேண்டும். விழாக்காரர் நினைத்தாலும் இருபது நிமிடமாக்க முடியாது. நிகழ்த்துகலைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கலைஞரிடம் அரை மணி என்று சொன்னால் அவர் அரை மணிக்குள் ராகத்தை முடித்துக் கொடுத்துவிடுவார். முடித்துக் கொடுத்தது ராகம்தானா என்று யாரும் கேட்பதில்லை.

டாக்காவில் பெங்கால் ஃபவுண்டேஷன் 2012 முதல் 2017 வரை நடத்திய சாஸ்திரிய இசை விழா இந்த விஷயத்தில் தனித்து நிற்கிறது. ராணுவ மைதானத்தில், இலவசமாக, தொடர்ந்து பல இரவுகள், மாலை தொடங்கி விடியும் வரை. இந்துஸ்தானி ராகங்களுக்குரிய வேளைகள் நவீன அரங்கில் வெறும் ஏட்டுச் செய்தியாகிவிட்டன. ஏழு மணிக்கு உட்கார்ந்து பத்து மணிக்கு எழுந்துபோகும் நகரத்துக்கு நள்ளிரவு ராகமும் பின்னிரவு ராகமும் எப்படிக் கிடைக்கும்? டாக்கா அந்த வேளைகளைத் திருப்பிக் கொடுத்தது. விடியல் ராகம் விடியலில் ஒலித்தது. கேட்டவர்களோ சபா உறுப்பினர்கள் அல்லர்; பதிவு செய்துவிட்டு வந்து தரையிலும் நாற்காலியிலும் அமர்ந்த பல்லாயிரம் இளைஞர்கள். சாஸ்திரிய இசைக்கு இளம் கூட்டம் வராது, வந்தாலும் நீண்ட நேரம் இருக்காது என்ற நம் சபாக்களின் நிரந்தரப் புலம்பலுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இந்த விழாவின் குறை தேர்வில் இருந்தது. மேடையின் உச்ச இடங்கள் எல்லை தாண்டி வந்த இந்தியக் கலைஞர்களுக்கே பெரிதும் அமைந்தன. கர்நாடக இசையும் நடனமும் இடம் பெற்றன, ஆனால் வடநாட்டு நிரலுக்கு நடுவே விருந்தாளிகளாகத்தான். வங்கத்தின் சொந்த உயிர்நாடியான பாவுல், சாஸ்திரியம் என்ற வரையறைக்கு வெளியே நின்றது. அதற்கென்று 2015இல் வேறொரு அமைப்பு வேறொரு நாட்டாரிசை விழாவைத் தொடங்க வேண்டியிருந்தது. இசையை இப்படி இரண்டு வீடாகப் பிரிப்பது நமக்குப் பழகிய தவறு. டாக்காவும் அதைத் திருத்தவில்லை. 2017இல் ராணுவ மைதானம் கிடைக்காமல் போய், விழா வேறு மைதானத்துக்கு மாறியது. அதோடு நின்றது. நேரத்தைத் தாராளமாகக் கொடுத்த விழா தன் ஆயுளை நீட்டித்துக்கொள்ளும் நிறுவன வலுவைச் சேர்க்கவில்லை. இலவச அனுமதியும் பெரும் மைதானமும் ஓர் அறக்கட்டளையின் கொடையிலும் அரசின் அனுமதியிலும் தொங்கும்போது இப்படித்தான் ஆகும்.

எதிர்முனையில் இருப்பது நாட்டார் கலைகளை வரிசையாக ஏற்றி இறக்கும் விழா. யாழ்ப்பாணத்தில் 2011இலும் 2013இலும் சேவாலங்கா ஃபவுண்டேஷன் நோர்வேயின் ஆதரவோடு நடத்திய இசை விழாவை உதாரணமாகக் கொள்ளலாம். போர் முடிந்த கையோடு இது எதற்கு என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அந்த அரசியல் வழக்கை இங்கே மீண்டும் நடத்தப் போவதில்லை. தீவின் பல மூலைகளிலிருந்து சிங்கள, தமிழ்க் கலைக்குழுக்களை ஒரே மைதானத்தில் கொண்டுவந்தது சாதனை. பார்த்தே இராத கலையைப் பக்கத்து மாவட்டத்துக்காரர் பார்த்தார். ஆனால் விழா கையாண்ட முறை மாதிரி காட்டும் முறை. துணிக்கடையில் ஓரம் வெட்டி ஒட்டிய துண்டுகளைப் புரட்டுவதுபோல ஒவ்வொரு கலையிலும் ஒரு துண்டு. துண்டில் நிறம் தெரியும், நெசவு தெரியாது.

வடமோடிக் கூத்தை எடுத்துக்கொள்வோம். அரசன் ஆடுகளமான களரிக்கு வருவதே ஒரு நீண்ட காரியம். கூத்து ஆசிரியரான அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவில் நிற்கிறார். வரவுத் தாளக்கட்டு விழுகிறது. பாரமான கரப்புடுப்பைச் சுமந்துகொண்டு அரசன் வட்டக்களரியைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறான். அந்த உடுப்பு சுழலும் வேகமும் உடம்பு தாங்கும் பாரமும் சேர்ந்துதான் அவன் அரசன் என்பதைப் பார்ப்பவர் மனத்தில் நிறுத்துகின்றன. பிறகுதான் பாட்டு, அதைப் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திரும்பப் பாடுவது, அதன்பின் கதை. இரவு முழுக்கப் போகும் ஆட்டத்தில் இந்த வரவுகள் அலங்காரம் அல்ல, கட்டுமானம். இருபது நிமிடம் கொடுத்தால் முதலில் வெட்டுப்படுவது வரவு. மிஞ்சுவது கதையின் உச்சக்கட்டச் சண்டை. பார்வையாளர் கைதட்டுவார், அண்ணாவியார் பொன்னாடையோடு ஊர் திரும்புவார். நடந்தது கூத்து அல்ல.

இந்த விமர்சனத்துக்கு ஒரு மறுப்பு உண்டு, கனமான மறுப்பு. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்ததால்தானே அது படித்தவர்களின் மதிப்பைப் பெற்றது? அவர் தயாரித்த ‘இராவணேசன்’ விடியவிடிய ஆடப்பட்டதா என்ன? உண்மைதான். ஆனால் வித்தியானந்தன் வெட்டியது ஒரு நாடகத்தை உருவாக்க. எந்த ஆட்டத்தை வைப்பது, எதை மறுபடி செய்வதைக் குறைப்பது என்று அண்ணாவியார்களோடு இருந்து முடிவு செய்த, மாணவர் சி. மௌனகுருவின் உடம்பில் இராவணனைக் கட்டியெழுப்பிய ஒரு கலைச் செயல் அது. வட்டக்களரி போய்விட்டது என்ற இழப்பைச் சொல்லலாம், சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் இழந்ததற்கு ஈடாக ஒரு புதிய வடிவம் வந்தது. விழா நிரலின் கடிகாரத்துக்காக வெட்டும்போது அப்படி எதுவும் வருவதில்லை.

சிங்களப் பக்கத்தில் இதற்குச் சற்று முன்பே இதைவிடப் பெரிய ஒன்று நடந்தது. எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ 1956 நவம்பரில் கொழும்பில் அரங்கேறியது. அதன் வேர் நாடகம என்ற சிங்கள நாட்டார் வடிவம். நாடகமவின் வேரோ தமிழ்க் கத்தோலிக்கக் கூத்து. சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில், தமிழ்க் கூத்தின் பேரப்பிள்ளை சிங்கள நவீன நாடகத்தின் தலைப்பிள்ளையாக மேடையேறியது. ‘மனமே’ தந்த உந்துதலில்தான் வித்தியானந்தன் கூத்தின் பக்கம் முழுமூச்சாகத் திரும்பினார். தென்னாசியா என்ற சொல்லுக்கு நிகழ்த்துகலையில் அர்த்தம் தேடுபவருக்கு இதைவிட நல்ல சரக்கு எங்கே கிடைக்கும்? மன்னார்க் கூத்தில் ஓர் இரவு, அம்பலாங்கொடை நாடகமவில் ஓர் இரவு, மூன்றாம் இரவு ‘மனமே’, நான்காம் இரவு ‘இராவணேசன்’. நான்கே நிகழ்ச்சிகள். நாற்பது குழுக்களால் காட்ட முடியாததை இந்த நான்கும் காட்டும். இப்படித் தொகுப்பதற்குக் கலைவரலாறு தெரிந்த ஒருவர் நிரலைப் போட வேண்டும். பெரும்பாலான விழாக்களில் நிரலைப் போடுபவர் பேருந்து ஏற்பாட்டையும் சேர்த்துக் கவனிப்பவர்.

நிகழ்த்துகலையையும் சினிமாவையும் ஒரே சுவரொட்டியில் போடும் விழாக்களின் பெரும் குறையும் இங்கேதான். இரண்டும் ஒரே கட்டடத்தில் இரண்டு அரங்குகளில் ஒன்றையொன்று பார்க்காமலே நடந்து முடிகின்றன. இரண்டும் சந்திக்கும் படங்கள் இல்லாமலா போயின? சத்யஜித் ராயின் ‘பாலா’ (1976) இருக்கிறது. பதின்பருவத்தில் கல்கத்தாவில் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் ஆட்டத்தைப் பார்த்தவர் ராய். படமெடுக்க வந்தபோது பாலாவுக்கு வயது 58. பெரும்பாலும் முழு உடம்பும் தெரிய, நிதானமாக நிற்கிறது கேமரா. முகத்துக்கும் விரலுக்கும் தாவும் சபலம் இல்லை. இது பெரிய தகுதி. ஆனால் கடற்கரையில் காற்றில் பாலாவை ஆடவிட்டது ராயின் தவறு. சேலையைக் காற்று பிய்க்க, அபிநயத்தின் நுணுக்கம் இயற்கைக் காட்சியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அரைமணியைச் சற்றே தாண்டும் படத்தில் ஒரு பதத்தை முழுக்க வளர விடவும் இடமில்லை. மணி கௌலின் ‘துருபத்’ (1982) இதற்கு எதிரான வழி. அங்கே சுரத்தின் நீட்சியைக் காட்சியின் நீட்சி பின்தொடர்கிறது. பொறுமை இல்லாதவர் எழுந்துபோகலாம் என்று படமே சொல்கிறது. அதூர் கோபாலகிருஷ்ணன் கூடியாட்டத்துக்கு மூன்று மணிநேரம் கொடுத்தார். கூடியாட்டத்துக்கு அது சொற்பம், திரைக்கு அது துணிச்சல்.

தாரேக் மசூதும் கேத்தரின் மசூதும் உருவாக்கிய ‘முக்திர் கான்’ (1995) வேறு வகை. 1971இல் விடுதலைப் போரின் நடுவே முகாம் முகாமாகப் போய்ப் பாடிய ஒரு கலைக்குழுவை அமெரிக்கரான லியர் லெவின் படம்பிடித்தார். அந்தச் சுருள்கள் இருபதாண்டுகளாகப் பெட்டியில் கிடந்தன. மசூத் தம்பதியர் அவற்றைத் தேடிப்பிடித்து, தொகுத்து, ஒரு படமாக்கினார்கள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகத் திரையிட்டார்கள். பாட்டு எப்படி மக்களிடம் போயிற்றோ அப்படியே படமும் போயிற்று. குறை சொல்வதென்றால், கிடைத்த காட்சிகளை ஒரே பயணக் கதையாகக் கோத்ததில் ஆவணத்தின் இடைவெளிகள் மூடப்பட்டுவிட்டன என்று சொல்லலாம். நிகழ்த்துகலையும் சினிமாவும் ஒன்றுக்கொன்று என்ன செய்ய முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று இதுவே. விழா நிரலும் இப்படி இரண்டையும் சந்திக்க வைக்கலாம்: மாலையில் ‘பாலா’வைத் திரையிட்டு, அன்றிரவே அந்த மரபில் வந்த ஒருவர் ஒரே ஒரு பதத்தை முக்கால் மணிநேரம் ஆடட்டும். படத்தின் குறை அரங்கில் தெரியும், அரங்கின் குறை படத்தில் தெரியும். அப்படி ஒரு நிரலைத்தான் தென்னாசிய நிகழ்த்துகலை, சினிமா விழா என்று ஒப்புக்கொள்ளலாம்.

லண்டனின் ‘தர்பார்’ விழாவைப் பற்றிச் சுருக்கமாக. 2006இல் லெஸ்டரில் தபேலா ஆசிரியரான தந்தையின் நினைவாக மகன் தொடங்கியது, தலைநகரின் பெரிய அரங்குகளுக்கு வளர்ந்தது. ஒலித்தரத்திலும் ஒளிப்பதிவிலும் நம் சபாக்கள் வெட்கப்பட வேண்டிய உயரம். காலை ராகத்துக்குக் காலைக் கச்சேரி வைக்கும் அறிவு. துருபத்துக்கும் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் கௌரவமான இடம். இந்திய சாஸ்திரிய இசை என்றே சொல்லிக்கொள்கிறது, தென்னாசியா என்று பெரிதாகக் கை விரிப்பதில்லை. சொன்ன அளவுக்குள் சொன்னதைச் செய்கிறது. ஆனால் இணையத்தில் அதன் புகழ் பரவியது சில நிமிடத் துணுக்குகளால். முழுக் கச்சேரி சந்தா கட்டியவருக்கு, துணுக்கு உலகத்துக்கு. அரங்கில் காத்த நேரத்தை இணையத்தில் அதே விழா கரைத்துவிடுகிறது. வளரும் பாடகர்கள் எந்த இடத்தைத் துணுக்காக வெட்டுவார்கள் என்று யோசித்தபடியே பாடத் தொடங்கினால் வியப்பதற்கில்லை.

என் தீர்ப்பு இது. முறையாலும் தொடர்ச்சியாலும் காட்மாண்டு முதலிடம், 2013இன் கீறலோடு. நேரத்தை அறிந்து கொடுத்ததில் டாக்காவுக்கு இணையில்லை, ஆனால் ஆறு விழாக்களோடு முடிந்துபோனதை மாதிரியாகக் கொள்ள முடியாது, படிப்பினையாகக் கொள்ளலாம். ‘தர்பார்’ செம்மையானது, எல்லைக்குட்பட்டது. துண்டு துண்டாகக் கலைகளை அடுக்கும் விழாக்கள் நல்லெண்ணத்துக்கு மேல் எதையும் சாதிக்கவில்லை. நல்லெண்ணத்துக்கு மதிப்பெண் போடுவது திறனாய்வின் வேலை அல்ல. யாழ்ப்பாணத் திரைவிழா இவற்றில் எல்லாம் கடினமான இடத்தில் நிற்பது, ஆகவே அதனிடம் எதிர்பார்ப்பும் அதிகம். ‘நோ ஃபயர் ஸோன்’, ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ இரண்டையும் ஒரே நாளில், ஒரே அரங்கில் திரையிட்டு, இரண்டையும் வெறுப்பவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, விளக்கைப் போட்டபின் இரண்டு மணிநேரம் பேசவிடும் விழா எந்த ஊரில் நடந்தாலும் நடக்கட்டும். யாழ்ப்பாணத்தில் நடந்தால் இந்தப் பட்டியலில் முதலிடத்தை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.